எந்தப் பண்ணை?

நீங்க நிக்கிற இடம்தான் சார் சோதனைக் கொட்டாய். இப்ப ஆடு நிக்குது, அப்ப ஆளுங்க நின்னாங்க. போட்டோ எடுக்கிறதா இருந்தா ஆட்டைத் தள்ளிட்டு எடுங்க, இல்லேன்னா ஆட்டுக்கும் ரயில்வேக்கும் என்ன சம்பந்தம்னு படிக்கிறவன் கேப்பான். இப்படி உக்காருங்க. இந்தப் பெஞ்சு கனம். கதவு போச்சு, ஜன்னல் போச்சு, தண்டவாளத்தையே பேத்துட்டுப் போயிட்டான். இதை மட்டும் எவனாலயும் தூக்க முடியல.

இந்த லைன் சரித்திரம் எழுதறேன்னு சொன்னீங்க. நல்லது. ஆனா சரியான ஆளைக் கேக்கணும். என் பேரு ஆபத்சகாயம். எங்க ஊர்ச் சாமி பேரு, ஆபத்துல உதவறவர்னு அர்த்தம். ரயில்வேல சேர்ந்தப்ப வெள்ளைக்காரன் வாயில நுழையலைன்னு 'சகாயம்'னு வெட்டிட்டான். ஆபத்து போச்சு, உதவி மட்டும் மிச்சம். இந்த அகரவெளி ஸ்டேஷன்ல நான் போர்ட்டர். போர்ட்டர்னா மூட்டை தூக்கறவன்னு நினைச்சுடாதீங்க. டிக்கெட் பாக்கிறது நான், கைகாட்டி மரத்துல ஏறி விளக்கு வைக்கிறது நான், மணி அடிக்கிறது நான். மூட்டை தூக்கினது ஒரே ஒரு தடவை. அதுக்கு அப்புறம் வரேன்.

அதோ கருவேல மரம் தெரியுது பாருங்க, அதுக்கு அந்தாண்ட வாய்க்கால். வாய்க்கால் மேல பாலம். பாலத்து நடுவுல ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு இந்தாண்ட இங்கிலீஷ்காரன், அந்தாண்ட பிரெஞ்சுக்காரன். நாம கடைசி ஸ்டேஷன். அதனால காரைக்கால் போற வண்டி இங்க நிக்கும். எல்லாரும் மூட்டையோட இறங்கி இந்தக் கொட்டாய்க்குள்ள வரணும். சுங்கத்துக்காரன் பிரிச்சுப் பார்ப்பான். முடிஞ்சவங்க போய் ஏறிக்கலாம். எல்லாரும் ஏறின பிறகுதான் வண்டி பாலத்துமேல போகும்.

இந்த லைனை யாருக்குப் போட்டான்? நெல்லுக்குப் போட்டான். மிராசுதாருங்க எல்லாம் சேர்ந்து மனுக் கொடுத்து, துறைமுகத்துக்கு நெல் போகணும்னு கேட்டு வாங்கின லைன். கரைக்கு மண் கொட்டினது அவங்க பண்ணையாளுங்கதான். நெல்லு ஏறும்னு போட்ட லைன்ல ஆளு ஏறும்னு எவனும் நினைக்கல.

பண்ணையாள்னா இந்தக் காலத்துக் கூலிக்காரன் மாதிரி நினைச்சுக்காதீங்க. அப்பன் எந்தப் பண்ணையோ, புள்ளையும் அந்தப் பண்ணை. பண்ணை கை மாறினா மாடும் ஆளும் சேர்ந்து மாறும். அடிமைன்னு ஒருத்தன் கிடையாதுன்னு வெள்ளைக்காரன் அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே சட்டம் எழுதிட்டான். எழுதினது எங்க வயக்காட்டுக்கு வந்து சேரல. இந்த லைன்ல எதுதான் நேரத்துக்கு வந்துச்சு.

கோட்டைத் தாண்டிட்டா கதை வேற. அங்க போயிட்டவனை இங்கேருந்து போய்ப் பிடிக்க முடியாது. ஒரு தடவை போனாங்க. மேலப்பண்ணைக் காரியக்காரர் சாமியப்பா, மிராசுதாருக்காக ஆளுங்களை மேய்க்கிறவர், கம்போட அஞ்சாறு பேரைக் கூட்டிக்கிட்டு அக்கரைக்குப் போய், தோணித்துறையில வேலை பார்த்துக்கிட்டிருந்த ஒருத்தனைக் கட்டித் தூக்கிட்டு வந்தார். பாதி வழியில பிரெஞ்சு சிப்பாய்ங்க மறிச்சு மொத்தப் பேரையும் உள்ளே போட்டுட்டாங்க. அதுக்கு இந்தப் பக்கத்துலேருந்து நாப்பது அம்பது பேர் போய்க் கல்லெறிஞ்சாங்க. அவன் துப்பாக்கியை நீட்டினான். பெரிய ரகளை. கலெக்டர் கவர்னருக்கு எழுத, கவர்னர் கலெக்டருக்கு எழுத, கடைசியில ஆளைப் பிடிக்கன்னு இந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு முடிவாச்சு.

அப்ப ஓடறவனை எங்க பிடிக்கணும்? இங்கதான் பிடிக்கணும். மேலப்பண்ணை, கீழப்பண்ணை, கோயில்பண்ணை, எல்லாக் காரியக்காரனும் வண்டி வர நேரத்துக்கு இந்தக் கொட்டாய்ல வந்து நிப்பான். சட்டையை அவிழ்த்து முதுகைப் பார்ப்பான். முதுகுல தழும்பு இருந்தா பண்ணையாள். இல்லேன்னா காலைப் பார்ப்பான். விரல் இடுக்குல சேத்துப்புண் இருந்தா பண்ணையாள். சேத்துப்புண் யாருக்கு இல்ல இந்த ஜில்லாவுல? ஒரு நாள் நல்ல குடியானவனை, சொந்த நிலம் வச்சிருக்கிறவனை, காலைப் பார்த்து இழுத்துப் போட்டு மிதிச்சுட்டாங்க. அவன் பெரிய இடத்து மாப்பிள்ளை. ஊரே திரண்டு வந்து கொட்டாயைப் பிரிச்சுட்டுப் போயிடுச்சு. டிராபிக் அதிகாரி, வெள்ளைக்காரர், டிராலியில வந்து இறங்கி ஒரே ஒரு உத்தரவு போட்டார். ரயில்வே எல்லைக் கல்லுக்கு உள்ளே அடிதடி கூடாது, பண்ணை ஆளுங்க கல்லைத் தாண்டி வரக்கூடாது. கல்லுக்கு வெளிய என்ன நடந்தாலும் ரயில்வேக்குச் சம்பந்தம் இல்ல. வெள்ளைக்காரன் நியாயம்னா நியாயம் சார்.

காரியக்காரங்க கல்லுக்கு வெளிய நின்னுக்கிட்டு எட்டி எட்டிப் பார்த்தாங்க. கொட்டாய்க்குள்ள இருக்கிற மொகம் அவங்களுக்குத் தெரியாது. எனக்கு மொகம் தெரியும், ஆளு தெரியாது. நான் கும்பகோணம் பக்கம். அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. இதை நீங்க எழுதிக்கணும். ஸ்டேஷன் மாஸ்டர் சேஷகிரி ராவ் கண்டுபிடிச்சதுன்னு சில பேர் சொல்வாங்க. மாஸ்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அவர் அது நடக்கிறப்ப எல்லாம் ரூமுக்குள்ள போய் உக்காந்துக்குவார்.

நான் படிச்சது ராப்பள்ளிக்கூடம். பகல்ல பாத்திரக் கடையில வேலை, ராத்திரி படிப்பு. எங்க வாத்தியார் தூங்கற பயலுக்குப் பின்னாடி சத்தமில்லாம வந்து நின்னு, "ஏழெட்டு?"ன்னு அதட்டுவார். நாக்கு தானா "அம்பத்தாறு"ன்னுடும். மூளைக்கு அப்புறம்தான் தெரியும். அடிச்சு ஏத்தினது எதுவும் மூளையில தங்கறதில்ல சார், நாக்குல தங்கும், கையில தங்கும். இதுதான் என் யோசனைக்கு வேர்.

டிக்கெட்டுல ஓட்டை போடற கொறடை எடுத்துக்கிட்டு வரிசைக்குப் பின்னாடி போவேன். மெதுவாப் போவேன். காதுக்குப் பக்கத்துல, மிராசுதார் குரல்ல, ஒரே கேள்வி. "எந்தப் பண்ணைடா?"

பண்ணை இல்லாதவன் திரும்புவான். கண்ணைச் செவக்க வச்சுக்கிட்டு, "யாரைப் பார்த்துடா பண்ணை கேக்கிறே?"ம்பான். ரெண்டு மூணு தடவை அறையும் வாங்கியிருக்கேன். அறை விழுந்தா சந்தோஷம், சந்தேகம் தீர்ந்துச்சு. பண்ணையாள் எப்படி? எவ்வளவு வெள்ளையா சட்டை போட்டிருந்தாலும் சரி, கை தானா வாய்க்குப் போகும். துண்டு தானா கக்கத்துக்குப் போகும். முதுகு வளையும். "கோயில்பண்ணைங்க ஆண்டே"ன்னு வார்த்தை வந்து விழும். விழுந்தப்புறம் அவன் மொகத்தைப் பார்க்கணுமே. வாய்க்குள்ளேருந்து பாம்பு வந்த மாதிரி பார்ப்பான்.

நான் ஒருத்தனையும் தொட்டதில்ல. அதை எழுதுங்க. "டிக்கெட் செல்லாது, வெளிய போ"ன்னு வாசலைக் காட்டுவேன், அவ்வளவுதான். போயிடுவான். கல்லுக்கு வெளிய காரியக்காரன் நிப்பான்.

மேலப்பண்ணை ஐயா காதுக்கு என் விஷயம் போச்சு. நல்லா வேலை பார்க்கிறான், டிக்கெட் கலெக்டர் ஆக்கச் சொல்லி அதிகாரிகிட்டப் பேசறேன்னு சாமியப்பாகிட்டச் சொல்லி அனுப்பினார். டிக்கெட் கலெக்டர்னா கறுப்புக் கோட்டு சார். என் பெஞ்சாதி அதுக்குள்ள ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா.

அந்த வருஷம் ஆனி மாசம் மாங்கனித் திருவிழா. காரைக்கால்ல மாம்பழத்தை மேலேருந்து வாரி இறைப்பாங்களே, அது. வண்டி கொள்ளாத கூட்டம். ஓடறவனுக்கு அதுதான் நல்ல நாள். எனக்கும் அதுதான் நல்ல நாள்னு வச்சுக்குங்க. காலையிலேயே சாமியப்பா வந்து கல்லுக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, "சகாயம், எங்க பக்கிரியைக் காணும். அவன் பொண்டாட்டி காத்தாயியும் இல்ல. அவளுக்கு மாசம் எட்டு. புள்ள அந்தப் பக்கத்துல பொறந்துடுச்சுன்னா ஒண்ணு இல்ல, மூணு ஆள் போச்சு. கவனமாப் பாரு"ன்னார். பக்கிரிதான் மேலப்பண்ணைக்கு முதல் ஏர் பூட்டறவன்னும் சொன்னார். நான் சிரிச்சேன். என் கேள்வியைத் தாண்டி எவன் போவான்னு சொன்னேன்.

எனக்கு அப்ப ஒரு விஷயம் தெரியாது. என் கேள்வி சேரி முழுக்கப் பரவியிருக்கு. அந்தக் காத்தாயி, ஒரு மாசமா, புருஷன் தண்ணி குடிக்கிறப்ப, மாடு கட்டறப்ப, தூங்கி எழுந்திரிக்கிறப்ப, பின்னாடி வந்து நின்னு "எந்தப் பண்ணைடா?"ன்னு கேட்டுக் கேட்டுப் பழக்கியிருக்கா. கை தூக்கினான்னா விறகுக் கட்டையால மணிக்கட்டுல ஒரு போடு. என் பாடத்தை எனக்குத் தெரியாம நடத்தியிருக்கா, பாருங்க. நான் ராப்பள்ளிக்கூடம் போய்ப் படிச்சதை அவ சேரியில உக்காந்துக்கிட்டு எடுத்துட்டா. இதெல்லாம் அப்புறம் ஊர்ல சொல்லித்தான் தெரிஞ்சது.

வண்டி வந்துச்சு. கொட்டாய் நெறைஞ்சுச்சு. வரிசையில ஒருத்தன், புதுச் சட்டை, எண்ணெய் வச்சு வாரின தலை. பின்னாடி போய் நின்னு கேட்டேன். அவன் அசையல. கழுத்துல ஒரு நரம்பு மட்டும் புடைச்சுது. இன்னொரு தடவை கேட்டேன். ஒண்ணும் இல்ல. காது கேக்காதவன் போலிருக்குன்னு டிக்கெட்டுல ஓட்டை போட்டுக் கொடுத்துட்டு நகர்ந்தேன்.

நாலஞ்சு பேர் தள்ளி ஒரு பொம்பள. ரவிக்கை, பூ, கையில மஞ்சப் பையில மாம்பழம், கால்கிட்ட ஒரு மூட்டை, வயித்துல புள்ள. சாமியப்பா சொன்னாரே, மாசம் எட்டுன்னு. கேட்டுத்தானே ஆகணும். "எந்தப் பண்ணைடி?"ன்னேன்.

திரும்பினா பாருங்க.

"யாருடா நீ? யாரைப் பார்த்து 'டி' போடறே? உங்க வீட்டுப் பொம்பளைங்களையும் பின்னாடி நின்னு மோந்துக்கிட்டுத்தான் கூப்பிடுவியா? வயித்துப் புள்ளக்காரிகிட்ட வந்து பண்ணை கேக்கிறான், பண்ணை. உன் மூஞ்சிக்கு எவன்டா கொறடு கொடுத்தான்? கூப்பிடு உங்க மாஸ்டரை."

கொட்டாயே சிரிச்சுது. சுங்கத்துக்காரன் சிரிக்கிறான். "மன்னிச்சுக்குங்கம்மா, ஆள் தெரியாம கேட்டுட்டேன்"னேன்.

"ஆள் தெரிஞ்சிருந்தா என்ன கிழிச்சிருப்பே? மூட்டையைத் தூக்கு"ன்னா.

தூக்கினேன். அதான் சொன்னேனே, ஒரே ஒரு தடவை. அந்த அம்மாவைப் பெட்டியில ஏத்தி, ஜன்னலோரம் இடம் பிடிச்சுக் கொடுத்து, மூட்டையைக் காலடியில வச்சுட்டு வந்தேன்.

திரும்பி வரப்பத்தான் சார் எனக்கு மின்னல் மாதிரி பட்டுது. இந்த அம்மா எவ்வளவு கோவப்பட்டுது? பண்ணை இல்லாத ஜனம்னா இப்படித்தானே கோவப்படணும்? அப்ப அந்தப் புதுச் சட்டைக்காரன் ஏன் கோவப்படல? கேள்வி காதுல விழுந்துச்சு, நரம்பு புடைச்சுது, ஆனா திரும்பல, திட்டல, அடிக்கல. பதில் சொல்லாம இருக்க யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. கோவப்படச் சொல்லிக் கொடுக்க மறந்துட்டாங்க. அந்த அம்மா திட்டலேன்னா எனக்கு இது புரிஞ்சிருக்கவே இருக்காது. அந்த வகையில அதுக்கு நான் கடன்பட்டவன்னு அன்னிக்கு நினைச்சேன்.

அவன் மூட்டையைச் சோதிச்சு முடிச்சுட்டாங்க, பெட்டியைப் பார்த்து நடந்துக்கிட்டிருந்தான். மறிச்சேன். "டிக்கெட் செல்லாது, வெளிய போ."

"டிக்கெட்டு சரியாத்தான் இருக்கு"ன்னான். 'ங்க' கூட இல்ல. நல்லாத்தான் பழக்கியிருக்கா.

எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகம். ஜன்னல் பக்கம் பார்த்தேன். அந்த அம்மா இங்கயே பார்த்துக்கிட்டிருந்துச்சு. "ஏம்மா, உங்களுக்கு இவனைத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"திருவிழாக் கூட்டத்துல கண்டவனை எல்லாம் எனக்கு எப்படிய்யா தெரியும்? வண்டியை எடுக்கச் சொல்லு"ன்னு அது மொகத்தைத் திருப்பிக்கிச்சு.

மூட்டை சரியா இருக்கான்னு பார்க்கலாம்னு ஜன்னல் பக்கம் ரெண்டு எட்டு வச்சேன். அப்ப பின்னாலேருந்து சத்தம். "மேலப்பண்ணைங்க ஆண்டே. மேலப்பண்ணைப் பக்கிரிங்க ஆண்டே." திரும்பிப் பார்த்தா, கை வாய்ல, துண்டு கக்கத்துல, முதுகு வில்லா வளைஞ்சிருக்கு. கேள்வி கேட்டு எவ்வளவு நேரம் கழிச்சுப் பதில் வருது, பாருங்க. அடக்கிப் பார்த்தான், முடியல. அதான் பழக்கம்கிறது. என் கேள்வி லேட்டானாலும் வேலை செய்யும்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. நான் வாசலைக் காட்டக்கூட இல்ல. அவனே ஓட்டமா வெளிய போயிட்டான். அவ்வளவு அவசரம்.

கல்லுக்கு வெளிய நடந்தது ரயில்வேக்குச் சம்பந்தம் இல்லாதது. ஆனா சத்தத்துக்குக் கல்லு தெரியாது. வண்டி இன்னும் கிளம்பல. நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். எல்லாரும் ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கிறாங்க, அந்த அம்மா மட்டும் மாம்பழம் தின்னுக்கிட்டிருக்கு. தோலோட கடிக்குது. சதை தீர்ந்தும் கொட்டையை வாயிலேருந்து எடுக்கல. வண்டி கிளம்பற வரைக்கும் கொட்டையைக் கடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மனுஷன் அடிபடறப்ப தின்ன முடியுதேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி, வயித்துப் புள்ளக்காரி, பசி.

பக்கிரிகிட்டப் பொண்டாட்டி எங்கடான்னு கேட்டாங்க. கேட்ட விதம் உங்களுக்குத் தெரியும், சவுக்கு, அப்புறம் சாணியைக் கரைச்சு வாயில ஊத்தற சாணிப்பால். அவ ஒரு தோணிக்காரனோட ஓடிட்டா ஆண்டே, அவளைத் தேடித்தான் வண்டி ஏறினேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லி அழுதான். பொண்டாட்டி ஓடிட்டான்னு சபையில சொல்றான், வெக்கம் கெட்டவன். சாமியப்பா என்கிட்ட வந்து, வயித்துப் புள்ளக்காரி யாராவது வண்டியில போனாளான்னு கேட்டார். ஒரு அம்மா போனாங்க, நல்ல குடும்பம், நானே கேட்டுப் பார்த்துட்டேன், என்னைக் கிழிச்சுட்டாங்கன்னேன். உங்க ஆளு அப்படித் திட்டுமான்னு கேட்டேன். யோசிச்சுப் பார்த்துட்டு, "எங்க ஆளு நிமிர்ந்து பார்க்காது"ன்னார். "அப்புறம் என்ன?"ன்னேன்.

கறுப்புக் கோட்டு விஷயமா மேலப்பண்ணை வீட்டுக்குப் போனேன். கொல்லைப் பக்கமா வரச் சொன்னாங்க. முன்பக்கம் வெள்ளை அடிச்சுக்கிட்டிருந்தாங்களாம். மாட்டுக்கொட்டில்கிட்ட நின்னேன். பின்னாலேருந்து ஐயா குரல், "யாருடா அங்க?"ன்னார். நான் வெத்தலை போட்டிருந்தேன், பெரியவங்க முன்னாடி சாறு தெறிச்சிடக் கூடாதேன்னு வாயைப் பொத்திக்கிட்டேன். ரயில்வே சகாயம்னு சொன்னேன். பார்க்கலாம்னார். எழுதறப்ப அந்த வெத்தலையை விட்டுடாதீங்க, இல்லேன்னா தப்பா நினைப்பாங்க.

பக்கிரியை என்ன பண்ணினாங்கன்னா, வாய்க்கால் கரை வயல்ல ஏர் ஓட்ட விட்டாங்க. கால்ல சங்கிலி, சங்கிலியில ஒரு பூவரசங்கட்டை. நடந்தா கட்டை கூடவே இழுபடும். சாமியப்பா கணக்கு என்னன்னா, ஆளைக் காட்டிக்கிட்டே இருந்தா எந்தத் தோணிக்காரனோட போயிருந்தாலும் அவ ஒரு நாள் வந்து எட்டிப் பார்ப்பா, பேச்சுக் கொடுத்து இந்தப் பக்கம் இழுத்துடலாம்னு. ஒருத்தியும் வரல.

நான் தினமும் சாயங்காலம் கைகாட்டி மரத்துல ஏறுவேன். மேலேருந்து பார்த்தா ரெண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கம் இவன் உழுதுக்கிட்டிருப்பான். அந்தப் பக்கம் கரை முழுக்கத் தாழம்புதர். ஆவணி மாசத்துலேருந்து அந்தப் புதருக்குப் பின்னாடி ஒரு கூலிக்காரி வந்து மரத்துல தூளி கட்டுவா. முக்காடு போட்டிருப்பா. தாலாட்டுன்னா அப்படி ஒரு தாலாட்டு, அரை மைலுக்குக் கேக்கும். புள்ள எங்க தூங்கும்? பண்ணை வரப்புல நிக்கிறவனுக்குப் பாட்டுதான் கேக்கும், ஆளு தெரியாது. அவ பாட்டுக்குப் பாடுவா, இவன் பாட்டுக்கு உழுவான். ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒண்ணு மட்டும் கவனிச்சேன். வாய்க்கால் ஓரம் திரும்பறப்ப மட்டும் இவன் மாட்டுக்குக் களைப்பு வந்துடும். நின்னுடும். மாட்டைப் பழக்கத் தெரியாதவன், இவன் போய் முதல் ஏராம்.

கார்த்திகையில நல்ல மழை. வாய்க்கால் ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடுது. அந்தக் கூலிக்காரி கொஞ்ச நாளா வரல, பாட்டும் இல்ல. மழையில யார் வருவா? ஒரு நாள் மத்தியானம் வரப்புல இருந்த பண்ணை ஆளு மழைக்கு ஒதுங்கப் போயிட்டான். இவன் தண்ணியில இறங்கிட்டான். கட்டையோட. கட்டை மிதக்கும்னு நினைச்சானோ என்னவோ. கட்டை மிதந்துச்சு, சங்கிலி மிதக்கல. பாலத்துக் காலுக்கு நடுவுல கட்டை சிக்கிக்கிட்டு, ஆளு தண்ணிக்குள்ள தொங்கிக்கிட்டிருந்தான். மழை விட்டதும் நான்தான் பார்த்தேன்.

மாஸ்டர் ஓடி வந்தார். அந்த முனையில சிப்பாய் ரெண்டு பேர். இந்த முனையில சாமியப்பா, கூட ஆளுங்க. மாஸ்டர், பாலம் ரயில்வேயோடது, ஒருத்தரும் ஏறக்கூடாதுன்னுட்டார். கயிறு போட்டு நான்தான் மேல இழுத்தேன். கோட்டுக்கு இந்தாண்ட தண்டவாளத்து ஸ்லீப்பர் ரெண்டு தள்ளிக் கிடத்தினேன். உயிரோட இருந்தப்ப சோறு போட யாரும் இல்லாதவனுக்கு, செத்தப்புறம் ரெண்டு ராஜாங்கம் காவல். சிப்பாய் அங்கேருந்து, சொந்தக்காரங்க யாராவது உண்டான்னு கேட்டான். சாமியப்பா இங்கேருந்து, "அவனுக்குச் சொந்தம் பந்தம் ஒண்ணும் கிடையாது, பண்ணைதான்"னார்.

அப்ப அந்தப் பக்கத்துலேருந்து ஒரு பொம்பள, ஸ்லீப்பருக்கு ஸ்லீப்பர் கால் வச்சு நடந்து வரா. இடுப்புல புள்ள. முக்காடு இல்ல. கோட்டுகிட்ட வந்து நின்னா. கோட்டை மிதிக்கல.

"அவரு என் புருஷன்"னா.

சாமியப்பா குரலே மாறிப் போச்சு. "காத்தாயி, வாடி. வந்து எடுத்துக்கிட்டுப் போ. ஒருத்தரும் ஒண்ணும் பண்ண மாட்டோம்"னு தேன் மாதிரி கூப்பிடறார். அவ அவரைப் பார்க்கவே இல்ல. என்னைப் பார்த்தா. எனக்கு அப்ப இன்னும் தெரியல சார், சத்தியமாத் தெரியல. ரவிக்கை இல்ல, பூ இல்ல, எப்படித் தெரியும்?

"அன்னிக்கு என் மூட்டையைத் தூக்கினியே, இவரையும் தூக்கிட்டு வா"ன்னா.

குரல் தெரிஞ்சு போச்சு.

"எந்த மூட்டைடா?"ன்னு சாமியப்பா கேக்கிறார். எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. மாஸ்டர்தான் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். வண்டி வர நேரம், பாலத்தைக் காலி பண்ணுன்னார். எந்தப் பக்கம் சார்னு கேட்டேன். கிட்ட இருக்கிற பக்கம்னார். ரெண்டு எட்டு வச்சா கோடு. சாமியப்பா, ஆளு போனா போகட்டும், கட்டையும் சங்கிலியும் பண்ணைச் சொத்து, அதைக் கழட்டிக் கொடுத்துடுன்னார். நியாயமான பேச்சு. சாவியைத் தூக்கிப் போட்டார். கழட்டிக் கொடுத்தேன். காலு கணுக்கால்கிட்ட எலும்பு வரைக்கும் தேஞ்சிருந்துச்சு.

தூக்கினேன். ஊறின ஆளு சார், கனம். கோட்டைத் தாண்டி அவ காலடியில வச்சேன். குனிஞ்சு நிமிர்றப்ப அந்தப் புள்ள என் சட்டைப் பித்தளைப் பொத்தானைப் பிடிச்சுக்கிச்சு. ஆம்பளப் புள்ள. விட மாட்டேங்குது. சிரிக்குது என்னைப் பார்த்து. அவ ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தா.

"போ"ன்னா. போங்கன்னு இல்ல, போன்னா.

கறுப்புக் கோட்டு வரல. போர்ட்டராவே ரிடையர் ஆனேன். நான் யார்கிட்டயும் முறையிடல. வெள்ளைக்காரன் போனான், பிரெஞ்சுக்காரன் போனான், பண்ணை போச்சு, லைன் போச்சு, போகட்டும். எனக்கு மனசுல கெடக்கிறது ஒண்ணுதான். இந்தக் கொட்டாய்ல, இத்தனை பேர் முன்னாடி, ஒரு பண்ணைப் பொம்பளையை நான் அம்மான்னு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கேன். அது ஆள் தெரியாம கேட்டது. அந்த மன்னிப்பு செல்லாதுன்னு உங்க புஸ்தகத்துல ஒரு வரி போட்டுடுங்க. பேரு முழுசாப் போடுங்க, சகாயம்னு வெட்டிடாதீங்க.